கனவுக்குப் பயம் வேண்டாம்... தலைவலிக்குப் பயம் வேணும்!

'விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும்' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். சாதாரண நாளிலேயே இப்படி என்றால், வீட்டில் ஒரு பெண் மாசமாக இருக்கும்போது கேட்கவா வேண்டும்? அவள் காணும் கனவுக்கு வீடே உட்கார்ந்து பலன் சொல்ல ஆரம்பித்துவிடும்!

தூத்துக்குடிப் பக்கம் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடுகளில் காலைக் காபியோடு சேர்ந்து வரும் பேச்சு இது:

"ராத்திரி ஏம்மா அப்படி முனகினே?"

"ஒண்ணுமில்ல அத்தை... பிள்ளையைக் கடற்கரையில விட்டுட்டு வந்துட்ட மாதிரி ஒரு சொப்பனம். தேடுறேன், தேடுறேன், காணவே இல்ல."

"அய்யய்யோ! தண்ணி எப்படி இருந்துச்சு? கலங்கலா இருந்துச்சா, தெளிவா இருந்துச்சா?"

அவ்வளவுதான்! கலங்கல் தண்ணீருக்கு ஒரு பலன், தெளிந்த தண்ணீருக்கு ஒரு பலன். பூவுக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று. இறந்துபோன ஆச்சி கனவில் வந்து கையைப் பிடித்தாள் என்றால் போச்சு, வீடே நடுங்கிவிடும். பத்து மணிக்குள் சம்பந்தி வீட்டுக்கு ஃபோன் போகும். சாயங்காலத்துக்குள் கோவிலில் அர்ச்சனையோ, பனிமய மாதா சந்நிதியில் மெழுகுவர்த்தியோ ஏற்பாடாகிவிடும்.

அதே பெண் அடுத்த வாரம், "அத்தை, ரெண்டு நாளா தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கண்ணு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு" என்று சொன்னால் என்ன பதில் வருகிறது?

"எல்லாம் பித்தம். தைலம் தேய்ச்சுட்டுப் படு. நாங்க பெறாத பிள்ளையா?"

என் ஆதங்கம் இதுதான். பயப்பட வேண்டாத விஷயத்துக்கு ஊரைக் கூட்டுகிறோம். பயப்பட வேண்டிய விஷயத்துக்குத் தைலம் தேய்க்கிறோம்! கனவு சகுனம் அல்ல. அது அந்தப் பெண்ணின் மனசு பேசுகிற பேச்சு. அதற்குத் தேவை பலன் சொல்லும் வாய் அல்ல, கேட்கும் காது. உடம்பு காட்டும் அறிகுறிக்குத் தேவை தைலம் அல்ல, டாக்டர். இந்த இரண்டையும் நாம் மாற்றிப் போட்டுவிட்டோம்.

கர்ப்ப காலத்தில் ஏன் இத்தனை கனவு?

முதலில் இதைப் புரிந்துகொள்வோம். புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

நாம் தூங்கும்போது தூக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று வந்து வந்து போகும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கண் மூடியிருக்கும்போதே விழிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு. 1953-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நம்முடைய தெளிவான, நீளமான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன.

இந்தக் கட்டம் இரவின் ஆரம்பத்தில் சில நிமிடங்கள்தான் இருக்கும். விடிய விடிய நீண்டுகொண்டே போகும். ஆக, விடியற்காலையில் நீளமான கனவு வருவதற்குக் காரணம் அது பலிக்கப்போவதால் அல்ல. அந்த நேரத்தில்தான் கனவுத் தூக்கம் அதிகம்! கனவு முடிந்ததும் விழித்துவிடுவதால் அது மனசில் அப்படியே நிற்கிறது. 'விடியற்காலைக் கனவு பலிக்கும்' என்ற பேச்சு பிறந்த கதை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. எல்லோருமே தினமும் கனவு காண்கிறோம். கனவின் நடுவில் விழித்தால்தான் அது ஞாபகம் இருக்கும். அசந்து தூங்குகிறவருக்குக் கனவே வராத மாதிரி தோன்றும்.

இப்போது கர்ப்பிணியை நினைத்துப் பாருங்கள். முதல் மூன்று மாதம் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ஏறுவதால் பகலெல்லாம் கண் சொக்கும். நினைத்த நேரத்தில் ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். பிறகு வயிறு பெரிதாகப் பெரிதாக, ராத்திரி மூன்று நான்கு தடவை பாத்ரூம் போக எழுந்தாக வேண்டும். நெஞ்செரிச்சல், கெண்டைக்கால் பிடிப்பு, புரண்டு படுக்க முடியாத அவஸ்தை. போதாக்குறைக்கு உள்ளேயிருந்து ஓர் உதை! இத்தனை தடவை விழித்தால், இத்தனை கனவு ஞாபகம் இருக்கத்தானே செய்யும்?

அத்தோடு மனசும் சும்மா இல்லை. உடம்பு மாறுகிறது, வீட்டில் அவள் இடம் மாறுகிறது, 'பிரசவம் எப்படி ஆகுமோ' என்ற கவலை உள்ளே ஓடுகிறது. பகலில் வாய்விட்டுச் சொல்லாததை ராத்திரியில் மனசு படமாகப் போட்டுக் காட்டுகிறது.

உங்களுக்கு மட்டும் வருவதல்ல

கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் டோரே நீல்சன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் பணிபுரிந்தவரும் 273 பெண்களிடம் கேட்டு, 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைக்கு ஏதோ ஆபத்து என்கிற மாதிரிக் கனவு, கனவுகளைச் சொன்ன கர்ப்பிணிகளில் 42 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. பிரசவமானவர்களில் 73 சதவீதம் பேருக்கு! குழந்தை படுக்கையில் தொலைந்துபோன மாதிரி, போர்வைக்குள் சிக்கிக்கொண்ட மாதிரிக் கனவு கண்டு பதறி எழுந்து, தொட்டிலைத் தடவிப் பார்த்தவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

பாருங்கள், பனி கொட்டுகிற கனடாவில் இருக்கிற அம்மாவும், உப்புக்காற்று அடிக்கிற தூத்துக்குடியில் இருக்கிற அம்மாவும் ஒரே பயத்தைத்தான் கனவாகக் காண்கிறார்கள். 'இந்தச் சின்ன உயிரை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேனா?' என்ற கேள்விதான் அது. பொறுப்பு வரும்போது கூடவே வரும் பயம்.

இதைவிட ஆச்சரியமான செய்தி ஒன்று. 1972-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில், முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 70 பெண்களின் கனவுகளைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். கவலையும் பயமுமாகக் கனவு கண்டவர்களுக்குத்தான் பிரசவ வலி நேரம் குறைவாக இருந்ததாம்! ஒரு சிறிய ஆய்வை வைத்து 'கெட்ட கனவு கண்டால் சுகப்பிரசவம்' என்று இன்னொரு பலன் சொல்லக் கூடாது. ஆனாலும் கெட்ட கனவு வந்தால் கெட்டது நடக்கும் என்கிற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

கெட்ட கனவு கண்டு நெஞ்சு படபடக்க எழுந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சிலர் கேட்பதுண்டு. ஆகாது. அந்தப் படபடப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பெண்ணுக்குக் கடல்தானே வரும்?

கனவுக்கு வேண்டிய சாமானை மனசு வெளியூரிலிருந்து வாங்கி வருவதில்லை. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அதுதான் சரக்கு. நம் கடற்கரைப் பெண்களின் கனவில் கடலும் தண்ணீரும் வருவதில் மர்மம் எதுவும் இல்லை.

ஒரு வீட்டில் கணவர் விசைப்படகில் போகிறவர். ஒரு வீட்டில் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். இன்னொரு வீட்டில் கப்பல் வேலை, ஆறு மாதம் ஒன்பது மாதம் கழித்துத்தான் வருவார். துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவரும், உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவரும் உண்டு. பாதி ராத்திரியில் கண் விழித்தால் பக்கத்தில் ஆள் இல்லாத பெண்கள் இங்கே நிறைய. 'அவுக இப்போ எங்க இருக்காகளோ' என்ற நினைப்போடு படுத்தால், கனவில் அலை வராமல் வேறு என்ன வரும்?

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்றைக்குத் தாயாகிறவர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரால் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். வெள்ளத்தில் சிக்கித் தவித்தவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். அந்த இருட்டையும் தண்ணீரையும் பார்த்த ஒரு பெண், அதன் பிறகு மாசமாகும்போது கனவில் தண்ணீரைக் கண்டு அலறினால், 'கலங்கலா, தெளிவா' என்றா கேட்பது? 'அன்னிக்கு ரொம்பப் பயந்துட்டியாம்மா?' என்றல்லவா கேட்க வேண்டும்!

பலன் சொல்வதால் என்ன நஷ்டம்?

"சும்மா சொல்றதுதானே, இதுல என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். நஷ்டம் இருக்கிறது.

நம் ஊரில் கனவுக்கு இருக்கும் மரியாதை இன்று நேற்று வந்ததல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். அந்தப் பகுதிக்குப் பெயரே 'கனாத்திறம் உரைத்த காதை'. கண்ணகியின் கனவு பலிக்கிறது. பின்னால் பாண்டிமாதேவி காணும் கனவும் பலிக்கிறது. புத்தரைச் சுமந்தபோது மாயாதேவியின் கனவில் வெள்ளை யானை வந்ததாக பௌத்தக் கதை சொல்கிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். காவியத்தில் கதையின் முடிவு என்ன என்று எழுதுகிறவருக்கு முதலிலேயே தெரியும். முடிவைத் தெரிந்துகொண்டு கனவை எழுதினால் அது பலிக்காமல் என்ன செய்யும்? உங்கள் வீட்டு மருமகளின் கதையை அப்படி யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

பலன் சொல்வதில் முதல் நஷ்டம், அந்தப் பெண் வாயை மூடிக்கொள்கிறாள். ஒரு தடவை கனவைச் சொல்லி வீடே கலவரமானால், அடுத்த தடவை சொல்வாளா? 'நமக்கு ஏதோ கெட்டது வரப்போகிறது' என்ற பயத்தைத் தனக்குள்ளேயே வைத்துப் புழுங்குவாள். பயத்தோடு படுத்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் இன்னும் அதிகமாக விழிப்பாள். விழித்தால் இன்னும் அதிகக் கனவு ஞாபகம் நிற்கும். சுற்றிச் சுற்றி அதே இடம்!

இரண்டாவது நஷ்டம், ஆணா பெண்ணா என்கிற ஜோசியம். 'இந்தக் கனவு வந்தா சிங்கக்குட்டிதான்' என்று ஆசையை ஏற்றிவிடுகிறார்கள். பிறந்தது பெண் குழந்தை என்றால் மாமியார் முகம் சுருங்குகிறது. பெற்றவளோ ஏதோ ஏமாற்றிவிட்ட குற்றவாளி மாதிரிப் படுத்திருக்கிறாள். பிள்ளை ஆணா பெண்ணா என்பது கரு உண்டான அன்றைக்கே, அதுவும் அப்பாவிடமிருந்து வரும் உயிரணுவால் முடிவாகிவிடுகிறது. ஆறாம் மாதக் கனவில் பூ வந்தால் என்ன, பழம் வந்தால் என்ன? வயிற்றில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கத்தான் 1994-ல் சட்டம் வந்தது, ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் போர்டு தொங்குகிறது. மெஷினிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கனவிடம் மட்டும் எதற்காகக் கேட்க வேண்டும்?

மூன்றாவது நஷ்டம்தான் பெரியது. வீட்டின் கவனமும் பணமும் நேரமும் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். கனவுக்குப் பரிகாரம் செய்ய ஆட்டோ பிடிக்கிறோம். பிரஷர் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் வரை போக, 'அடுத்த செக்கப் வரட்டுமே' என்கிறோம்!

சுறாவைக் கட்டியவரும், கயிற்றைப் பிடித்தவரும்

நம்ம ஊர் முத்துக்குளிப்பில் இருந்தே இதற்கு ஒரு பாடம் எடுக்கலாம். அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு இங்கே 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோனது. ஆனால் அதற்கு முன்னால் நூற்றாண்டுக் கணக்கில் நடந்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ ஒரு விஷயத்தை எழுதி வைத்திருக்கிறார். கடலில் இருக்கும் பெரிய மீன்கள் குளியாட்களைக் கடிக்காமல் இருக்க மந்திரம் போடுகிறவர்கள் இருந்தார்களாம். கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி! பிற்காலத்தில் இவர்களைக் 'கடல்கட்டி' என்று அழைத்தார்கள்.

மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, குளியாளின் மனசு தைரியப்பட்டது. அதை நான் குறை சொல்லவில்லை. பயந்த மனசுக்குத் தெம்பு வேண்டும். திருச்செந்தூர் முருகன் கோவில் இலை விபூதியோ, மாதா கோவில் ஜெபமாலையோ, தர்காவில் ஓதி வாங்கிய தண்ணீரோ, உங்கள் மனசுக்கு எது நிம்மதி தருகிறதோ அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

ஆனால் மந்திரம் போடுகிறவர் இருக்கிறார் என்பதற்காக யாரும் கயிற்றை விட்டுவிடவில்லை! கல்லில் காலை ஊன்றிக் கடலுக்குள் இறங்கியவரின் உயிர், மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் கையில் இருந்தது. அந்த வேலையை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வது வழக்கம். தன் அக்கா தங்கையின் தாலி ஆயிற்றே, அவன் கண் அசர மாட்டான்! கீழேயிருந்து கயிறு ஆடினால் உடனே இழுக்க வேண்டும். 'நேத்துதானே இறங்கினான், பொறுத்துக்குவான்' என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை.

வீட்டில் ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்றால் அவளும் ஆழத்தில்தான் இருக்கிறாள். கணவர், மாமியார், அம்மா, நாத்தனார் எல்லோரும் மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர்கள். அவள் 'தலை வலிக்குது' என்றால் கயிறு ஆடுகிறது என்று அர்த்தம்.

எந்தெந்தக் கயிறு ஆடினால் உடனே இழுக்க வேண்டும்?

இதை வெட்டி எடுத்து அடுப்பங்கரைக் கதவில் ஒட்டி வையுங்கள்.

* விடாத கடுமையான தலைவலி, கண் மங்கல், கண் முன்னால் பூச்சி பறப்பது போலத் தெரிவது, மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது. ஐந்து மாதத்துக்கு மேல் இது ரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் ஜன்னியில் கொண்டுபோய் விடும்.
* ரத்தப்போக்கு, கொஞ்சம் பட்டாலும் சரி.
* பனிக்குட நீர் கசிவது.
* குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
* காய்ச்சல், மூச்சு வாங்குவது, மயக்கம், வலிப்பு.

இவற்றுக்கு ராத்திரி, பகல், நல்ல நேரம், ராகு காலம் எதுவும் கிடையாது. 108-க்கு ஃபோன் செய்யுங்கள்.

நல்ல தூக்கத்துக்குச் சில வழிகள்

கனவை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். ஆனால் அடிக்கடி விழிப்பதைக் கொஞ்சம் குறைக்கலாம்.

தண்ணீரைப் பகலில் நிறையக் குடித்துவிட்டு, படுக்கப் போகும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு மொத்தத்தில் தண்ணீர் குறையக் கூடாது. காபி, டீயைச் சாயங்காலத்துக்கு மேல் தவிர்த்துவிடுங்கள். ராத்திரி எண்ணெய்ப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் நிச்சயம். ஆசைப்பட்டால் மதியம் அளவாகச் சாப்பிடுங்கள். ராத்திரி இட்லி, இடியாப்பம் போதும்.

ஏழாம் மாதத்திலிருந்து ஒருக்களித்துப் படுப்பது நல்லது. நடுவில் விழிக்கும்போது மல்லாக்கப் படுத்திருந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும். முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்தால் இடுப்புக்கு இதமாக இருக்கும். கெண்டைக்கால் பிடித்தால் காலை நீட்டி, விரல்களை உங்கள் பக்கமாக மடக்குங்கள்.

படுத்ததும் காலில் ஏதோ ஊறுகிற மாதிரி, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்போலத் தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை அலமாரியில் சேர்த்து வைக்காமல் ஒழுங்காகப் போடுங்கள். டீ, காபியோடு மட்டும் போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. தூக்க மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்குவது கூடவே கூடாது.

கனவு எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எல்லாக் கனவையும் 'ஒன்றுமில்லை' என்று தள்ளிவிடுவதும் தப்புதான். எப்போதாவது வரும் கெட்ட கனவு சகஜம். ஆனால் ஒரே பயங்கரக் கனவு திரும்பத் திரும்ப வருகிறது, தூங்கவே பயமாக இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, 'செத்துப்போகலாமா' என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம்.

வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் சுமார் 15.6 சதவீதம் பேருக்கும், பிரசவமானவர்களில் சுமார் 19.8 சதவீதம் பேருக்கும் மனநலப் பிரச்னை, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஆறு ஏழு கர்ப்பிணிகளுக்கு ஒருவர். நம் தெருவிலேயே ஒருவர் இருப்பார் என்றுதானே அர்த்தம்? முன்னால் ஒரு குழந்தையை இழந்தவர்கள், கஷ்டமான பிரசவம் கண்டவர்கள், வீட்டில் அடி உதை படுகிறவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை.

இது வைத்தியத்தில் குணமாகிற விஷயம். 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை எந்த நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். வீட்டில் வன்முறை என்றால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

இங்கே டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு எல்லாம் அட்டையில் குறித்துக்கொள்கிறீர்கள். வரிசை நீளம்தான், உங்கள் சிரமம் புரிகிறது. ஆனாலும் "ராத்திரி நல்லாத் தூங்குறியாம்மா? மனசு எப்படி இருக்கு?" என்ற இரண்டு கேள்விக்கு அரை நிமிஷம் போதுமே! மாமியார் கூட இருந்தால் ஒரு நிமிஷம் வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

காதை மட்டும் கொடுங்கள்

மாமியார்மார்களே, அம்மாக்களே, மைனிமார்களே... அடுத்த தடவை அவள் "ஒரு மாதிரி சொப்பனம்" என்று ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். பலன் சொல்லாதீர்கள். "எனக்கும் உன் வீட்டுக்காரன் வயித்துல இருந்தப்போ இப்படித்தான் வரும்மா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வார்த்தையில் அவள் முகம் எப்படித் தெளிகிறது என்று பார்ப்பீர்கள்.

கணவன்மார்களே... கரையில் இருக்கும் நாளில் ஒரு செக்கப்புக்காவது கூடப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தானே இருக்கிறீர்கள்? கப்பலில் இருக்கிறவர்கள் சிக்னல் கிடைக்கும்போது, "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாமல் "தூங்கினியா?" என்றும் கேளுங்கள். ராத்திரி அவளுக்குத் துணையாக ஓர் ஆள் படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டு வளைகாப்போ, அங்கன்வாடி மூலம் நடக்கும் சமுதாய வளைகாப்போ, பெண்கள் எல்லோரும் கூடுகிற இடம் அது. சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, கலந்த சாதம் சாப்பிட்டு முடித்த பிறகு, மூத்தவர்கள் தங்கள் கர்ப்ப காலத்துப் பயங்களையும் பேசட்டும். அபாய அறிகுறிகளை ஒருவர் எல்லோருக்கும் வாசித்துச் சொல்லட்டும்.

கர்ப்பிணிப் பெண்ணே, உனக்கும் ஒரு வார்த்தை. கனவு வந்ததற்காகக் கலங்காதே. அது கெட்ட சகுனம் அல்ல, வரப்போகும் குழந்தையைப் பற்றி உன் மனசு இப்போதே அக்கறைப்பட ஆரம்பித்துவிட்டது என்றுதான் அர்த்தம். நம்பிக்கையான ஒருவரிடம் கனவைச் சொல்லிவிடு. ஆனால் தலைவலி, வீக்கம், ரத்தக்கசிவு, பிள்ளை அசைவு குறைவு... இவற்றில் எது வந்தாலும் 'இவங்க என்ன நினைப்பாங்களோ' என்று கூச்சப்படாதே. யாரும் காது கொடுக்காவிட்டால் நீயே 108-க்கு ஃபோன் போடு!